பனிமூட்டம் இறங்கினால் வயர்லெஸ் வீடியோ உடைகிறது, காமன் கூத்து லைவுக்கு என்ன செய்யலாம்?

லயத்துக் கேமரா (கேள்வி)

வணக்கம் எல்லோருக்கும். நுவரெலியா, தலவாக்கலை பக்கத் தோட்டங்களில் கல்யாணம், கோயில் தேர், அப்புறம் இப்போது அதிகமாக ஃபேஸ்புக் லைவ் என்று ஓடிக்கொண்டிருக்கிறோம். வருகிற மாசியில் ஒரு தோட்டத்துக் காமன் கூத்துக்கு (ரதி மன்மதன் கதையை ஆடி, கடைசியில் காமனை எரிப்பது) இரண்டு கேமரா லைவும், பொட்டலில் ஒரு எல்இடி திரையும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஒரு கேமரா ஸ்டாண்டில் கேபிளோடு நிற்கும், அதைப் பற்றிக் கவலை இல்லை. கிம்பலில் (நடந்தாலும் படம் குலுங்காமல் பார்த்துக்கொள்ளும் மோட்டார்ப் பிடி) இருக்கிற இரண்டாவது கேமராதான் தலைவலி, ஏனென்றால் ரதியும் மன்மதனும் லயம் லயமாக (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆடிக்கொண்டே போவார்கள், தப்பு மேளம் அடிக்கும் தப்புக்காரர்கள் கூடவே போவார்கள், அவர்களுக்குப் பின்னால் பாதித் தோட்டமும் போகும்.

இப்போது இருப்பது மிரர்லெஸ் கேமரா (மைக்ரோ எச்டிஎம்ஐ), கிம்பலின் பக்கவாட்டில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், அதற்கு என்பி-எஃப் 550 பேட்டரி. ரிசீவர் கூடாரத்துக்குள் மிக்சர் மேசையில். பெட்டியில் 400 அடி என்று போட்டிருக்கிறது. போன கோயில் திருவிழாவில் மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை, பின்னேரம் பனிமூட்டம் இறங்கியதும் அதில் பாதித் தூரத்திலேயே படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்தது, சில நேரம் திரை மொத்தமாகக் கறுத்துப்போய்க் கொஞ்சம் கழித்து வந்தது. மிக்சரில் இருந்த தம்பி "பனி சிக்னலைக் குடிச்சிருதுண்ணே" என்கிறான். கூடுதல் தூரம் போகிற செட் ஒன்று வாங்குவதா, கொழும்பில் வாடகைக்கு எடுப்பதா? திரையில் தப்புச் சத்தமும் அடியும் ஒட்டாது என்று வேறு பயமுறுத்துகிறார்கள்.

அட்டன் ஆன்டெனா

தம்பி சொன்னது தப்பு. இந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன, சிலதில் 2.4-ம் உண்டு. இந்த அலைவரிசைகளில் நூறு இருநூறு மீட்டருக்குள் பனிமூட்டம் தின்கிற சிக்னல் கணக்கிலேயே வராது, கனமழை கூட அந்தத் தூரத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் மூட்டம் இறங்கினால் இலை நனையும். நனைந்த இலை 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே தடுக்கும், காய்ந்த இலையை விட அதிகமாக. உங்கள் கிம்பல்காரர் தேயிலைச் செடிக்கு நடுவே தாழ்வான பாதையில் இறங்கிப் போகிறார், நடுவில் நிழல் மரங்கள், ஈரமான தார்ப்பாய்க் கூடாரம், ரிசீவரோ மேசை உயரத்தில், அதற்கு முன்னால் சனம். மனித உடம்பே பெரும்பகுதி தண்ணீர்தானே. மத்தியானம் ஆட்கள் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள், குளிர் வந்ததும் எல்லோரும் கூடாரத்துக்குள் வந்து உங்கள் ரிசீவரைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் 400 அடி, அதாவது 120 மீட்டர் சொச்சம், தடையே இல்லாத வெட்டவெளியில், நேருக்கு நேர் பார்வையில். நேர்கோட்டில் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றியும் வெளி வேண்டும். 200 மீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுப்பாதையில் சுமார் ஒன்றரை மீட்டர் ஆரத்துக்கு இடம் காலியாக இருந்தால் நல்லது. அதனால் முதல் வேலை, ரிசீவரை ஒரு லைட் ஸ்டாண்டில் மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுங்கள். அங்கே கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) பொட்டலைப் பார்த்தபடி இருந்தால் அதன் பக்கத்திலேயே ஸ்டாண்டை நிறுத்துங்கள், தகரக் கூரைக்கு மேலே ஆன்டெனா தெரிய வேண்டும், கீழே அல்ல. அங்கிருந்து மிக்சருக்கு எஸ்டிஐ கேபிள் (எச்டிஎம்ஐயை விட நீண்ட தூரம் வீடியோ கொண்டுபோகும் கேபிள்) இழுத்துவிடலாம். நல்ல ஆர்ஜி6 கேபிள் என்றால் 1080ஐ சிக்னல் நூறு மீட்டர் அளவுக்குச் சிரமமில்லாமல் போகும். புது செட் வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசியுங்கள்.

இன்னொன்று, லயம் மலைத்தோளுக்கு அந்தப் பக்கம் இருந்தால் எந்த விலைக்கு வாங்கினாலும் படம் வராது. மண்ணுக்குள்ளே போகிற டிரான்ஸ்மிட்டர் யாரும் விற்கவில்லை.

கிம்பல் பதுளை

அண்ணே, மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு வியாதி இருக்கிறது, ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். கட்டம் கட்டமாக உடைந்து உறைவது சிக்னல் குறைவு. மொத்தமாகக் கறுப்பது வேறு. அந்த நேரத்தில் ரிசீவரில் சிக்னல் பட்டை எப்படி இருந்தது என்று யாராவது பார்த்தார்களா? பட்டை முழுசாக நிற்க, படம் மட்டும் போய் இரண்டு மூன்று விநாடியில் வந்தால் அது எச்டிஎம்ஐ கேபிள். கேமராவும் டிரான்ஸ்மிட்டரும் மறுபடி கைகுலுக்கிக்கொள்ளும் நேரம் அது. மைக்ரோ எச்டிஎம்ஐ சாக்கெட் கிம்பலுக்காகச் செய்ததே இல்லை, டில்ட் மோட்டார் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கேபிள் பிளக்கை லேசாக நெம்புகிறது, கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு பிளக்கை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள், படம் போனால் ஆள் அகப்பட்டான். கேஜில் (கேமராவைச் சுற்றிப் பூட்டும் சட்டம்) கேபிள் கிளாம்ப் ஒன்று போட்டு, மெல்லிய நெளிகிற கேபிளாக வாங்கி, கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

பட்டையும் சேர்ந்து பூஜ்யத்துக்குப் போய், டிரான்ஸ்மிட்டர் முதலிலிருந்து எழும்பி வந்து சேர நேரம் பிடித்தால் அது கரண்ட். என்பி-எஃப் பேட்டரி பெயரளவில் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. இந்த ரகப் பெட்டிகள் பல 6 வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். மாசி ராத்திரி நுவரெலியாக் குளிரில் பழைய பேட்டரி பாதிக் கோடு காட்டிக்கொண்டே திடீரென்று விழும். மாற்றுப் பேட்டரியைப் பையில் போடாமல் சுவெட்டர் உள்பாக்கெட்டில் வைத்திருங்கள், பாதி ஆனதுமே மாற்றுங்கள்.

அப்புறம் டிரான்ஸ்மிட்டரைக் கிம்பலின் பக்கவாட்டில் கட்டினால் பாதி நேரம் ஆபரேட்டரின் நெஞ்சுதான் நடுவில் நிற்கும். கேமராவுக்கு மேலே, கேஜ் இரும்புக்கும் மானிட்டருக்கும் தள்ளி, ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வையுங்கள். ஆன்டெனாவின் நுனியை ரிசீவரை நோக்கி நீட்டாதீர்கள், நுனிப்பக்கம்தான் சிக்னல் மிகக் குறைவு. ரீல்ஸுக்காகக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் கேமராவோடு ஆன்டெனாவும் படுத்துவிடும், ரிசீவரில் இருப்பவை நிமிர்ந்தே இருக்கும், அப்போதும் விழும். ரிசீவரில் ஒரு ஆன்டெனாவைச் சாய்த்து வைத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

பழைய கேபிள்

எல்லோரும் கோபிக்க வேண்டாம். கேபிளையே இழுங்கள். கூத்து எந்த லயத்தில் எத்தனை மணிக்கு என்று தோட்டத் தலைவருக்கும் கூத்து மாஸ்டருக்கும் தெரியும், முன்கூட்டிக் கேட்டு நான்கு இடத்தில் எஸ்டிஐ முனையைக் கொண்டுபோய் வைத்தால் கிம்பல்காரன் போய்ச் செருகிக்கொள்ளலாம். வயர்லெஸ் கடைசி முப்பது மீட்டருக்குத்தான்.

லயத்துக் கேமரா

பழைய கேபிள் அண்ணே, சனக்கூட்டத்துக்கு நடுவில் கேபிளைச் செருகிக் கழற்றிக்கொண்டிருந்தால் தப்புக்காரர் என் மேல் ஏறி மிதித்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் ரிசீவரைக் கேபிளில் முன்னுக்குக் கொண்டுபோவது நல்ல யோசனை.

கிம்பல் பதுளை சொன்னபடி இன்று வீட்டில் வைத்துப் பார்த்தேன், பிளக்கை ஆட்டினால் கறுக்கிறது, பட்டை அப்படியே நிற்கிறது. சரி, அது ஒன்று தெரிந்தது. இன்னொரு விஷயம், லைவ் அனுப்புகிற 4ஜி ரவுட்டர் ரிசீவருக்குப் பக்கத்திலேயே மேசையில்தான் இருக்கும். அதனால் ஏதாவது?

அட்டன் ஆன்டெனா

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ரவுட்டரின் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் ரிசீவரின் காதுக்குள் நின்று கத்துகிற மாதிரிதான். லைவ் அனுப்புகிற என்கோடருக்கு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் போட்டு வைஃபையை அணைத்துவிடுங்கள், கூடாரத்தில் யாரும் ஹாட்ஸ்பாட் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். தோட்டத்தில் ரவுட்டர்கள் குறைவு, அட்டன் டவுன் மண்டபங்களைப் போல இல்லை, எனவே சேனலை ஸ்கேன் செய்து காலியானதைக் கையால் தேர்ந்தெடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதிச் சேனல்கள் ராடார்களோடு பகிர்ந்துகொள்வது, ராடார் என்று சந்தேகப்பட்டாலே கருவி அங்கிருந்து தானாக விலகிவிட வேண்டும் என்பது விதி, லைவ் நடுவில் அது நடந்தால் படம் போகும். அதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கும் எண்ணம் இருந்தால், இது ரேடியோ கருவி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஃபோகஸ் பண்டாரவளை

தாமதம் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். ஹாலிலேண்ட் மார்ஸ் 400எஸ் ப்ரோ போன்றவை சுமார் 80 மில்லிசெகண்ட், ஆக இரண்டு ஃபிரேம். டெராடெக் போல்ட் வரிசை ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே, அதனால்தான் சினிமாவில் ஃபோகஸ் பிடிப்பவர்கள் அதைக் கேட்கிறார்கள், விலையும் அதற்கு ஏற்ற விலை. உங்கள் வேலைக்கு அது தேவையே இல்லை. மிக்சரும் திரையின் புராசசரும் இன்னும் சில ஃபிரேம் சேர்க்கும், ஆனால் சத்தம் 34 மீட்டர் போகவே பத்தில் ஒரு விநாடி ஆகிறது. பொட்டலின் பின்வரிசையில் நிற்பவருக்குத் தப்பு எப்படியும் தாமதமாகத்தான் கேட்கிறது, அவருக்குத் திரை பொருந்தியே தெரியும். முன்வரிசைக்காரர் திரையைப் பார்க்கப் போவதில்லை, ரதியைப் பார்ப்பார். லைவுக்குப் போகிற ஒலியை மட்டும் மிக்சரில் படத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்துங்கள், ஒருவரைக் கைதட்டச் சொல்லிச் சரிபார்த்தால் போதும்.

வாடகைக்கு எஸ்டிஐ கேமராவும் வி-மவுண்ட் பேட்டரியும் (கேமராவின் பின்னால் மாட்டும் பெரிய பேட்டரி) எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தப் பேட்டரியில் இருக்கும் டி-டாப் கரண்ட் சாக்கெட்டிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் எடுக்கும்போது முதலில் கரண்ட் வயரைச் செருகுங்கள், அதன் பிறகு எஸ்டிஐ. கழற்றும்போது எஸ்டிஐ முதலில். மாற்றிச் செய்தால் கரண்டின் எர்த் எஸ்டிஐ கேபிள் வழியாக ஓடிக் கேமராவின் எஸ்டிஐ போர்ட் எரிந்துவிடலாம், சினிமா கேமரா செய்யும் ஆரி நிறுவனமே இதைப் பற்றித் தொழில்நுட்பக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. இருட்டில், மழைச்சட்டையோடு, அவசரத்தில் பேட்டரி மாற்றுகிற பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் பொட்டலுக்கு அனுப்ப வேண்டும்.

லயத்துக் கேமரா

எல்லோருக்கும் நன்றி. புது செட் வாங்கவில்லை. கேஜ், கிளாம்ப், நல்ல கேபிள், ஒரு உயரமான ஸ்டாண்ட், அவ்வளவுதான் இப்போதைக்கு. மடுவத்திலிருந்து மேல் லயம் தெரிகிறது, கீழ் லயம் தெரியாது, ஆகவே கூத்து கீழ் லயத்தில் ஆடும் நேரம் முழுக்க ஸ்டாண்ட் கேமராவையும் பொட்டலையும் வைத்து ஓட்டிவிட்டு, கிம்பலில் உள்ளேயே ரெகார்ட் செய்ததைப் பிறகு போடுகிறோம். மாஸ்டரிடம் பேசிவிட்டேன், காமன் எரிகிறது எப்படியும் பொட்டலில்தானாம்.