சேகரத்தின் பழைய பங்களாவை முதியோர் இல்லமாக்க நிதி திரட்டுவது எப்படி?

சேகரக் கமிட்டி உறுப்பினர்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் தென்னிந்தியத் திருச்சபையின் சேகரம் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி) ஒன்றில் பொறுப்பில் இருக்கிறேன். பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, ஊரில் தனித்துவிட்ட முதியவர்களின் எண்ணிக்கை எங்கள் சபையில் ஆண்டுதோறும் கூடிவருகிறது. பூட்டிக் கிடக்கும், முன்பு மிஷனரிகள் தங்கிய மிஷன் பங்களாவைப் பழுதுபார்த்து, ஒரு பகுதியை அவர்கள் தங்கும் இல்லமாகவும் மறு பகுதியைத் தியான முகாம்களுக்கு விடும் இடமாகவும் ஆக்க நினைக்கிறோம். பழுதுபார்க்கும் செலவு ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்திலும் வெளியூர்ச் சபையார் காணிக்கையிலும் சேர்ந்துவிடும். அதன்பின் இல்லத்தை நடத்தும் செலவுக்கு, சேருகிறவர்களிடம் பெருந்தொகை முன்பணம் வாங்கலாமா, முகாம் வருமானத்தை நம்பலாமா என்பதில்தான் கமிட்டி இரண்டுபட்டு நிற்கிறது.

இல்லமொன்றின் முன்னாள் கணக்காளர்:
ஐயா, கட்டடத்திற்குப் பணம் தருகிறவர்கள் எப்போதும் கிடைப்பார்கள். சுவரில் பெயர்க்கல் நிற்கும். இரவில் விழித்திருந்து படுக்கை மாற்றும் பணியாளரின் சம்பளத்திற்கு எந்தப் பெயர்க்கல்லும் இல்லை. நான் பார்த்த இல்லங்கள் தள்ளாடியது அங்கேதான். முன்பணத்தைக் கட்டடத்தில் போட்டுவிட்டால், ஒருவர் காலமானபின் குடும்பத்தார் திருப்பிக் கேட்கும்போது அடுத்தவரின் முன்பணத்தை எடுத்துக் கொடுக்கும் நிலை வரும். ஆகவே வாங்கினால் சிறு தொகையாக வாங்கி, வங்கி வைப்பில் தொடாமல் வையுங்கள். முகாம்களோ லெந்து எனும் தவக்கால நாட்களிலும் கோடை விடுமுறையிலும் நெருக்கியடித்து வரும், மற்ற மாதங்களில் அறைகள் காலியாகக் கிடக்கும். அந்த வருமானத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கத்தோலிக்க வாசகி:
மாதச் செலவைப் பற்றி மேலே சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். 1839-இல் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் ழான் ஷூகான் அம்மையார் பார்வையிழந்த ஒரு மூதாட்டிக்குத் தம் படுக்கையையே கொடுத்துத் தொடங்கிய பணியே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையாக வளர்ந்தது. 2009-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. நிலையான வருமானத்தைச் சாராமல், கூடையேந்தி வீடு வீடாகவும் சந்தையிலும் கேட்டுப் பெறுவதையே அச்சகோதரிகள் வழக்கமாகக் கொண்டார்கள். உங்களுக்கு நெருக்கமான முன்மாதிரி வேண்டுமானால் மிசோரத்தைப் பாருங்கள். அங்கே பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துத் திருச்சபையின் பணிக்குக் கொடுத்துவருகிறார்கள். பண்டிகைக்கு ஒருமுறை பெரிதாகக் கொடுக்கும் சபையை மாதந்தோறும் சிறிதாகக் கொடுக்கப் பழக்குவதற்குப் உங்கள் சபைப் பெண்களின் அமைப்பான பெண்கள் ஐக்கிய சங்கத்தைவிடத் தகுந்தவர்கள் இல்லை என்பது என் எண்ணம்.

வழக்கறிஞர், மதுரை:
முதலில் பங்களா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகள் பெரும்பாலும் அதன் சொத்துகளை வைத்திருக்கும் அமைப்பான டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பதால், பேராயரின் தலைமையில் இயங்கும் பேராயத்தின் எழுத்துமூல ஒப்புதலின்றிச் சேகரம் தன் முடிவாக எதையும் செய்ய முடியாது. வெளிநாட்டுப் பணத்திலும் கவனம் தேவை. துபாயில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரானால், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடையே. அதற்கு மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்திற்குப் பின் புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்கில்தான் அதைப் பெறலாம். உங்கள் இல்லத்தில் தங்குகிறவர்கள் தங்கள் வீட்டையோ நிலத்தையோ இல்லத்திற்கு எழுதித் தர முன்வந்தால், தயவுசெய்து ஏற்காதீர்கள். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கி, அதை நிறைவேற்றத் தவறினால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அப்பத்திரம் செல்லாது என்று அறிவிக்க முடியும்.

சேகரக் கமிட்டி உறுப்பினர்:
மூவருக்கும் நன்றி. பேராய ஒப்புதலுக்கு இந்த மாதமே விண்ணப்பிக்கிறோம். மாதந்தோறும் கொடுக்க எத்தனை குடும்பங்கள் கையெழுத்திடுகின்றன என்று பார்த்து, ஓராண்டுச் சம்பளத்திற்கு உறுதி கிடைத்தபின்பே கொத்தனாரை அழைப்பது என்ற தீர்மானத்தை அடுத்த கமிட்டியில் முன்வைக்கிறேன்.