ஜெயில் இல்லை, சரி. குடியுரிமை எங்கே?

கூடலூர்க்காரன்:
2025 செப்டம்பரில் மத்திய உள்துறை போட்ட உத்தரவைப் பற்றி நம் நீலகிரி மலையில் யாரும் சரியாகப் பேசவே இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் இங்கே வந்து அகதியாகப் பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல், பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காக இனி தண்டனை கிடையாதாம். நல்லதுதான். ஆனால் அது குடியுரிமை தரவில்லை. 83-ல் கைக்குழந்தையோடு வந்தவர் பேரனே எடுத்துவிட்டார், இன்னும் ‘தற்காலிகம்’தான். சிலோனில் இருந்து வந்த நம் குடும்பங்களுக்குக் கொடுத்ததை அவர்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

குந்தா காத்து:
அண்ணே, இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். உங்கள் தாத்தா வந்தது 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று இரண்டு அரசாங்கமும் பேசிக் கையெழுத்துப் போட்டது. 83-க்குப் பிறகு வந்தவர்கள் போருக்குப் பயந்து வந்தவர்கள், போர் 2009-ல் முடிந்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்தே போடவில்லை, அப்படியும் முகாம், பணக்கொடை, ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் கொடுத்தோம். நாடு தர்ம சத்திரம் இல்லை என்று 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. அமெரிக்காவும் வெனிசுவேலாக்காரர்களுக்குக் கொடுத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பை அதே வருஷம் எடுத்தது, அங்கத்திய சுப்ரீம் கோர்ட் தடுக்கவில்லையே. தற்காலிகம் என்றால் தற்காலிகம்.

கோத்தகிரி டீச்சர்:
தம்பி, அமெரிக்காவை இழுத்தால் முழுசாக இழுங்கள். அது 1990-ல் வந்த சட்டம், ஒரு தடவைக்கு 6 மாதம் முதல் 18 மாதம் வரை கொடுப்பார்கள், அப்புறம் நீட்டிப்பார்கள். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு எல் சால்வடார்க்காரர்களுக்குக் கொடுத்ததை இருபது வருஷத்துக்கு மேல் நீட்டிக்கொண்டே போனார்கள். வேலை செய்ய அனுமதியும் உண்டு, அங்கே பிறக்கிற பிள்ளை அந்த நாட்டுக் குடிமகன் (அதையும் ட்ரம்ப் நோண்டுகிறார், அது தனிக் கதை).

இங்கே பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தால் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பிறகு என்றால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு அதுவும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் அகதி முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடு என்று 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்தது. அதே முகாமில் இரண்டு வருஷம் கழித்து ஒரு தங்கச்சி பிறந்திருந்தால் அவள் எந்த நாட்டுக்காரி? 2009-ல் போர் முடிந்தது என்கிறீர்களே, அவளை எங்கே ‘திருப்பி’ அனுப்புவீர்கள்?

குந்தா காத்து:
அக்கா, அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும், அது டில்லி வேலை. நம் ஊரைப் பாருங்கள். டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் உத்தரவு வந்தபோது இதே இடத்தில் எவ்வளவு புலம்பினோம்? ஒப்பந்தத்தில் வந்து குடியுரிமை வாங்கியவர்களுக்கே வேலையை விட்டு நின்றால் தோட்டத்தில் கொடுத்த லயத்து வரிசை வீடு நிச்சயமில்லை. முதலில் இவர்களுக்கு ஒரு வழி பண்ணட்டும்.

லயத்து வீடு:
ஒப்பந்தம் வேறு, அகதி வேறு என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். எங்கள் பாட்டி எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர். ஒப்பந்தத்தில் வந்தவர் என்று காட்டும் அவருடைய குடும்ப அட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் விறைப்பாக நிற்கிற போட்டோ, மூலையில் பாதி அழிந்த சீல். சாதிச் சான்றிதழில் இருந்து அப்பா வேலை வரைக்கும் அதைக் காட்டித்தான் வாங்கினோம்.

பாட்டியின் தம்பியும் அதே நுவரெலியா தோட்டம்தான், அவரும் ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டவர்தான். முறை வருவதற்குள் கலவரம் வந்தது, 84-ல் கப்பலும் நின்றுபோனது. தொண்ணூறில் குடும்பத்தோடு படகில் வந்து இறங்கினார், பதிந்தது அகதி என்று. இப்போதும் முகாமில்தான் இருக்கிறார், வெளியூரில் ஒரு சாவுக்குப் போனாலும் முகாமில் ஆள் எண்ணுகிற தணிக்கை அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும். இவர் உங்கள் கணக்கில் எந்தப் பக்கம்?

குந்தா காத்து:
அப்படி விண்ணப்பம் போட்டவர்கள் இருந்தால் தனியாகப் பிரித்துக் கொடுக்கட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? இலங்கையையே பூர்வீகமாகக் கொண்ட யாழ்ப்பாணம், மன்னார்க்காரர்களுக்கும் சேர்த்துக் கேட்பதுதான் இடிக்கிறது.

கூடலூர்க்காரன்:
பிரித்தே கேட்டுப் பார்த்துவிட்டார்களே. இந்திய வம்சாவளி என்று சொல்லி 65 பேர் மதுரைக் கிளைக்குப் போனார்கள், 2019-ல் சாதகமான தீர்ப்பும் வந்தது. அதே வருஷக் கடைசியில்தான் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் மூன்றுக்கும் வழி வைத்தார்கள், 2014 டிசம்பர் 31 வரை வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு. இலங்கையை விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணக்காரர் வேண்டாம் என்றால் நுவரெலியாக்காரரையாவது அதில் சேர்த்திருக்கலாமே, ஏன் சேர்க்கவில்லை?

கோத்தகிரி டீச்சர்:
லயத்து வீடு, அந்தப் பெரியவரிடம் விண்ணப்ப நகல் ஏதாவது இருக்கிறதா? தோட்டத்துப் பெயர், பிரிவு, அப்பா பெயர் தெரிகிற எந்தக் காகிதமானாலும் சரி. உங்கள் பாட்டி அட்டையையும் சேர்த்து ஸ்கேன் பண்ணி வையுங்கள், உடன்பிறந்தவர் என்று காட்ட அதுதான் கையில் இருக்கிற ஒரே ஆதாரம்.

லயத்து வீடு:
நகல் படகில் வரும்போது நனைந்து போச்சாம் டீச்சர். தோட்டத்துத் துண்டுச் சீட்டு ஒன்று மட்டும் இருக்கிறது.

குந்தா காத்து:
அதை வைத்து மனு எழுதுங்கள், கலெக்டர் ஆபீசுக்கு நானே கூட வருகிறேன். மற்றவர்கள் விஷயத்தில் என் பதில் மாறாது.