லாரி வாங்கப் போகிறோம்: 10 அடியா, 14 அடியா?

அனைவருக்கும் வணக்கம். தம்பி சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் தச்சு வேலை தொடங்கியிருக்கிறான். அலமாரி, சமையலறை கேபினட் செய்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். பழைய லாரி ஒன்று தேடுகிறோம்; சரக்கு ஏற்றும் தட்டின் நீளம் 10 அடி போதுமா, 14 அடி வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. 10 அடி லாரியில் பின்கதவை மூடியே படுக்க வைக்கலாம். சிக்கல் 12 அடி மரச்சட்டங்களில்தான். நாங்கள் பார்த்த லாரியின் உள் அகலம் ஐந்தரை அடி. சட்டத்தைக் குறுக்காக வைத்தாலும் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டிக்கொண்டு விரைவுச்சாலையில் அவன் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

சரி, 14 அடியே வாங்கலாம் என்றால் ஓட்டுநர் உரிமம் இடிக்கிறது. தம்பியிடம் இருப்பது கிளாஸ் 3. சுமையில்லாத எடை 2,500 கிலோவைத் தாண்டினால் கிளாஸ் 4 வேண்டும். சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 5,000 கிலோவுக்கு மேல் போனால் நிறுத்துமிடச் சான்றிதழும் எடுக்க வேண்டும். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) இரண்டு லாரிக்கும் சி பிரிவுதான்.

கிளாஸ் 3 உரிமத்திலேயே 14 அடி லாரி ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா? என்ன மாடல்? டெயில்கேட் லிஃப்ட் (பின்பக்கம் சரக்கு ஏற்றி இறக்கும் தூக்கி) பொருத்திய பிறகும் எடை வரம்புக்குள் நிற்கிறதா? புளோக்கின் கீழே திருப்ப, நிறுத்தச் சிரமமா? மாத முடிவுக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அனுபவம் உள்ள அண்ணன்மார் கொஞ்சம் சொல்லுங்கள்.