ஊரில் இல்லாதபோது வீட்டு மராமத்து, எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: கோவையில் எங்கள் பழைய வீட்டு மாடி பாத்ரூமை இடித்துக் கட்டுகிறோம். வேலை விஷயமாக நான் அடிக்கடி புனே போக வேண்டியிருக்கிறது, மனைவி ஆபீஸும் பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பி, மேஸ்திரியோடும் மல்லுக்கட்டுகிறார். என்ன செய்யலாம்?

பதில் 1: டைல்ஸ் ஒட்டும்போது ஊரில் இருங்கள் என்பார்கள், அதைவிட முக்கியம் அதற்கு முந்தைய கட்டம். வாட்டர்புரூஃபிங் பூசிக் காய்ந்ததும் தரையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரமாவது விட்டு, கீழே கூரையில் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ். சுவருக்குள் போகும் பைப்பைப் பூசி மூடுமுன் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். அப்புறம் மேஸ்திரி போன் உங்களுக்கே வரட்டும் சார், எல்லாவற்றையும் மனைவி தலையில் கட்டாதீர்கள்.

பதில் 3: இடிக்கிற நாட்களில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.