சிங்கிள் மோல்டும் மட்டக்களப்பு வெக்கையும்: ஐஸ் போடலாமா?

கல்லடிக்காரன்
போன சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு மாடியில் நான்கு பேர் இருந்தோம். இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த மூன்று ஸ்கொட்லாந்து சிங்கிள் மோல்ட் விஸ்கிகளை, அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தவற்றை, ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்த்தோம். கிளென்லிவெட் 12, டலிஸ்கர் 10, லகவூலின் 16 (இலக்கம், பீப்பாயில் கிடந்த வருடம்). ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 20 மில்லிலீற்றர், அவ்வளவுதான். இந்த வரிசையில்தான் குடிக்க வேண்டும். புகை மணம் கூடியதை முதலில் குடித்தால் மற்ற இரண்டும் நாக்கில் நிற்காது.

கிளென்லிவெட்டில் அன்னாசியும் தேனும். டலிஸ்கர் மிளகுக் காரத்தோடு இறங்கி, கடைசியில் உப்புக் காற்று மாதிரி ஒன்றை விட்டுவிட்டுப் போனது. லகவூலினை மூக்கருகே கொண்டு போனதும் அம்மம்மா வீட்டு அடுக்களைக்குள் நிற்பது போல இருந்தது. அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கி, புகை குடித்துக் கறுத்த இறைச்சி வத்தலின் மணம் அப்படியே. சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் மக்கிக் கிடந்த பீட் மண்ணை வெட்டி, காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துகிறார்கள். மணம் அங்கிருந்துதான் வருகிறது.

அப்போது நண்பன் ஒருவன் தன் லகவூலினுக்குள் இரண்டு பெரிய ஐஸ்கட்டியைப் போட்டான். ஐந்து நிமிடத்தில் அந்தக் கிளாஸில் புகையும் இல்லை, வத்தலும் இல்லை, குளிர்ந்த இனிப்புத் தண்ணீர்தான் மிச்சம். 16 வருடம் பீப்பாயில் கிடந்ததை அப்படிச் செய்யலாமா? சிங்கிள் மோல்டில் ஐஸ் போடக்கூடாது என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாழைச்சேனை வாசி
எனக்கு மாற்றுக் கருத்துத்தான், தம்பி. அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். யாருடைய அறை? ஸ்கொட்லாந்தில் கணப்பு எரியும் கூடத்தில் 18 பாகை இருந்தாலே பெரிய விஷயம். இங்கே கச்சான் காற்று வீசும் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது. மனைவி கேக் செய்ய வைத்திருக்கும் வெப்பமானியை விஸ்கிக்குள் விட்டுப் பார்த்தேன். 31 காட்டியது.

சூடு ஏறினால் மதுசாரம் வேகமாக ஆவியாகும். மூக்கைக் கிட்டே கொண்டு போனால் ஸ்பிரிட் நெடிதான் அடிக்கும். பழ மணமும் தேன் மணமும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவர்கள் குளிரில் இருந்து எழுதிய சுவைக்குறிப்பை நாங்கள் வெக்கையில் இருந்து சரிபார்க்கிறோம். ஒரு ஐஸ்கட்டி போடுவது பிழை இல்லை. அந்த விஸ்கி செய்தவன் நினைத்த இடத்துக்கு அதைத் திரும்பக் கொண்டு போகிறோம்.

கல்லடிக்காரன்
வெக்கையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி அண்ணன். ஆனால் அதற்கு மருந்து ஐஸ் அல்ல, தண்ணீர். அதுவும் சில துளி.

2017-ல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணினியில் ஆராய்ந்தார்கள். புகை மணத்துக்குப் பெரிய காரணம் குவாயகோல் என்ற பொருள். மதுசாரம் 45 வீதமோ அதற்குக் கீழோ இருக்கும்போது அது திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. 59 வீதத்துக்கு மேலே போனால் மதுசாரம் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துவிடுகிறது. அதாவது, தண்ணீர் சேர்த்தால் மணம் மேலே வருகிறது. எங்கள் மூக்கும் அங்கேதானே இருக்கிறது? குளிர் இதற்கு நேர்மாறு. குளிர்ந்தால் எல்லா மணமும் ஆவியாகாமல் அடங்கிவிடும். மதுசார நெடி குறையும் என்பது உண்மை, ஆனால் கூடவே வத்தல் மணமும் போய்விடும்.

இன்னொன்று. கடற்கரைப் பக்கம் உள்ளவர்கள் கிணற்றுத் தண்ணீரை விடாதீர்கள். எங்கள் கிணறு சவர். பிளேன்டீயிலேயே தெரியும், விஸ்கியில் தெரியாமல் போகுமா? அந்தத் தண்ணீரில் உறைந்த ஐஸும் அதே சவர்தான். போத்தல் தண்ணீர் வாங்குங்கள்.

திருக்கோவில் மச்சான்
ஐஸ் போட்டு நான் பட்டதைச் சொல்கிறேன். ஆர்ட்பெக் 10 என்ற புகை மண விஸ்கியை முதல் தடவை வாங்கியபோது ஐஸ் போட்டேன். இளமஞ்சளாக இருந்தது கொஞ்ச நேரத்தில் பனி மூடிய கண்ணாடி மாதிரிக் கலங்கிவிட்டது. கலப்படம் என்று நினைத்து, விற்ற ஆளோடு தொலைபேசியில் சண்டை பிடித்தேன். அவர் பேசாமல் வைத்துவிட்டார்.

பிறகுதான் விளங்கியது. அதில் மதுசாரம் 46 வீதம், குளிரூட்டி வடிகட்டாதது. பார்லியிலும் பீப்பாயிலும் இருந்து வந்த கொழுப்புச் சார்ந்த பொருட்கள் உள்ளே கரைந்து கிடக்கும். குளிரும் தண்ணீரும் சேர்ந்தால் அவை பிரிந்து கலங்கலாகத் தெரியும். 40 வீதத்தில் வருகிற பலவற்றை முதலே குளிரூட்டி வடிகட்டிவிடுவதால் அவை ஐஸ் போட்டாலும் பளிச்சென்று இருக்கும். ஆக, கலங்குவது குற்றம் இல்லை. ஆனால் வாயில் எண்ணெய்ப் பசை மாதிரி நிற்கும் அந்தக் கனத்துக்குத்தானே ஆர்ட்பெக்குக்குக் காசு கொடுக்கிறோம்? ஐஸ் போட்ட கிளாஸில் அது எனக்குக் கிடைக்கவில்லை. நான் கல்லடிக்காரன் பக்கம்.

களுதாவளை அண்ணன்
நீங்கள் மூவரும் ஸ்கொட்லாந்தைத் தாண்டி வரவில்லை. தென்னம்பாளையில் இறக்கிய கள்ளை வடித்து, ஹல்மில்ல மரப் பீப்பாயில் வைத்து எடுக்கும் சாராயம் நம் நாட்டில் இருக்கிறது. அதைச் சோடாவில் கரைத்து மடமடவென்று குடித்துவிட்டு, விஸ்கிக்கு மட்டும் மூக்கை நீட்டுகிறோம். நல்ல பழைய சாராயம் ஒன்றை உங்கள் வரிசையில் நாலாவதாக வைத்துப் பாருங்கள்.

16 வருடம் 16 வருடம் என்று தம்பி சொல்வதும் எனக்குச் சரிப்படவில்லை. ஸ்கொட்லாந்தில் பீப்பாயில் இருந்து வருடத்துக்கு ஏறத்தாழ 2 வீதம் ஆவியாகிறது. பெங்களூரில் அதைப் போல ஐந்து மடங்கு போகும், மரமும் அதே வேகத்தில் சாறு விடும். அங்கே செய்யும் அம்ருத் விஸ்கியை 2004-ல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தார்கள். வெக்கை நாட்டு நாலைந்து வருடத்தைக் குளிர் நாட்டு இலக்கத்தோடு ஒப்பிட முடியாது.

கல்லடிக்காரன்
வயது விஷயத்தில் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை அண்ணன். நிறம் கடுமையாக இருந்தால் பழையது என்றும் ஏமாறக் கூடாது, ஸ்கொட்ச் சட்டமே கரமல் நிறம் சேர்க்க அனுமதிக்கிறது. சாராயத்தை அடுத்த முறை கட்டாயம் வைக்கிறேன், சோடா இல்லாமல்.

படுவான்கரை ஆசிரியை
நான் குடிப்பதில்லை. ஆனால் இதை வாசித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. என் வகுப்பில் தகப்பன் குடிக்கும் கசிப்பால் (களவாக வடிக்கும் சாராயம்) காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு போத்தலுக்கு நீங்கள் கொடுக்கும் காசு அந்த வீட்டில் ஒரு மாத அரிசி. மணம், சுவை என்று அழகாக எழுதினால் குடி ஒரு கலை என்று இளம் பிள்ளைகள் நினைக்க மாட்டார்களா?

வாழைச்சேனை வாசி
தங்கச்சி, நீங்கள் சொன்னதை நான் தட்டிக்கழிக்கவில்லை. என் சொந்தத் தம்பியைக் கசிப்பில் இழந்தவன் நான். அதனால்தான் எங்கள் மேசையில் அளவுக் கிண்ணம் இருக்கிறது, ஒருவருக்கு மொத்தம் 60 மில்லிலீற்றர் தாண்டினால் போத்தலை மூடிவிடுவோம். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. இந்தப் பேச்சை அவர்கள் வாசிக்கக்கூடும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுகா, ஐஸ் விஷயம். நேற்று சோதித்தேன். டலிஸ்கர் ஒன்றுதான், மூன்று விதம். ஒன்று 31 பாகையில் அப்படியே. இரண்டாவது, கிளாஸோடு பிரிஜில் வைத்து 20-க்கு இறக்கியது. மூன்றாவது ஐஸ் போட்டு, உருகாத கட்டியை எடுத்துவிட்டது. மனைவி ஊற்றி, கிளாஸுக்கு அடியில் எழுத்து ஒட்டினார். அவர் குடிக்கவில்லை. நான்கு பேரில் மூவர் இரண்டாவதைச் சொன்னோம், ஒருவர் முதலாவதை. ஐஸை யாரும் எடுக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிளகும் உப்பும் தெளிவாகத் தனித்தனியே தெரிந்தது 20 பாகைக் கிளாஸில்தான். சூடான கிளாஸில் காரமும் நெடியும் ஒன்றாகக் குழம்பின. வெக்கைதான் எதிரி என்ற என் பேச்சு நிற்கிறது.

திருக்கோவில் மச்சான்
பிரிஜில் மீன் இருந்ததா அண்ணன்? மூடாமல் வைத்தால் விஸ்கி அந்த மணத்தைப் பிடித்துவிடும். கிளாஸின் வாயை ஒரு தட்டால் மூடி வையுங்கள்.

கல்லடிக்காரன்
ஐஸ் தோற்றது எனக்குச் சந்தோஷம். ஆனால் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. கிளாஸை உதட்டில் வைத்ததுமே எது குளிர் என்று தெரிந்துவிடும். எழுத்தை மறைத்தும் பயனில்லை. வெக்கையில் இருப்பவனுக்குக் குளிர்ந்தது எதுவும் முதலில் நல்லாகத்தான் இருக்கும். மூவர் சொன்னது விஸ்கியையா, குளிரையா?

சரியாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மார்கழி மழையில் எங்கள் மாடி இரவில் 24 பாகைக்கு வந்துவிடும். அப்போது எல்லாக் கிளாஸும் ஒரே சூட்டில் இருக்கும். அதே டலிஸ்கரை அப்படியே ஒன்று, ஐந்து துளி தண்ணீரோடு ஒன்று, களுதாவளை அண்ணனின் சாராயம் ஒன்று. நீங்கள் நேற்றுத் திறந்த போத்தலில் பாதிதான் இருக்கும், அதுவரை அப்படியே வைத்தால் உள்ளே உள்ள காற்று மணத்தைக் குறைத்துவிடும். கழுவி நன்றாகக் காயவைத்த சின்னப் போத்தல் ஒன்றில் கழுத்துவரை ஊற்றி, வெயில் படாத அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள் அண்ணன். படுக்கவைத்தால் தக்கை ஊறிக் கெட்டுவிடும்.