கருந்தலைப்புழுவுக்குக் கோனியோசஸ் குளவி: தோப்பிலும் குழாயிலும் கண்டது

சோழவந்தான் தோப்புக்காரர்:
தென்னை ஓலை கருகியதும், ஓலையைத் தின்னும் கருந்தலைப்புழுதான் என்று, அதை அழிக்கும் கோனியோசஸ் குளவியை வாங்கச் சொல்லிவிடாதீர்கள். அடிமட்டையில் நாலைந்து கீற்றை எடுத்து, பின்பக்கம் எச்சமும் நூலுமாக இருக்கும் கூட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நடுத்தரப் புழு நெளிந்தால் கோனியோசஸ் சரி. கூட்டுப்புழுதான் நிறைய என்றால் வீண், இந்தக் குளவி அதைத் தொடாது. அதற்குக் கூட்டுப்புழுவைத் தாக்கும் பிராக்கிமீரியா என்ற வேறு குளவி வேண்டும். கோடையில் பெருகும் புழு இது, தை மாதமே ஆரம்பித்துவிடணும். எக்டேருக்கு 3000, அதாவது ஏக்கருக்கு 1200. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் என்றால் மரத்துக்குப் பதினேழு.

வாடிப்பட்டி:
எண்ணிக்கை சரிண்ணே, விடுற இடத்தையும் சொல்லுங்க. மரமேறுறவரிடம் கொடுத்துக் குருத்துக்குள் தட்டச் சொல்கிறார்கள். அங்கே சிலந்தியும் கொலைகார நாவாய்ப்பூச்சியும் உட்கார்ந்திருக்கும். போட்ட பணம் அதுகளுக்குத் தீனி. மரத்தடியில் விட்டால் போதும். மருந்தடித்த கையோடும் விடக்கூடாது.

குழாயில் வளர்ப்பவர்:
குளவியைப் பெருக்க, அரிசி அந்துப்பூச்சியின் முற்றிய புழு ஒன்று, இணைசேர்ந்த பெண் குளவி ஒன்று, ஒரு குழாய். கொட்டியதும் புழு அசைவற்றுவிடும். அதன் தோல்மேல் பத்துக்குப் பக்கமாக முட்டை வைக்கும். பிறகும் தாய் போகாது, முட்டைமேலேயே காவல் கிடக்கும். இதே புழுவுக்கு விடும் இன்னொரு குளவியான பிராக்கானுக்கு இந்தக் குணம் இல்லை. 'முட்டை வைத்தாச்சே' என்று தாயைப் பிரித்தால், இன்னொரு பெண் புகுந்து அந்த முட்டைகளை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைக்கும். ஒரு குழாயில் இரண்டு பெண்ணை அடைப்பதும் இதனால்தான் ஆகாது.

குளவிக்குத் தீனியாகத் தேனைச் சொட்டாக வைத்தால் அது ஒட்டிச் சாகும். மெழுகுத்தாளில் மெல்லிய கோடாக இழுங்கள். குழாய் வைத்திருக்கும் மேசைக் கால் நாலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கணும், இல்லையென்றால் எறும்பு ஒரே ராத்திரியில் காலி பண்ணிவிடும்.

மேலூர்:
எறும்பு என்றதும் ஒன்று. இந்தக் குளவியே சிறகு முளைத்த கட்டெறும்புக் குட்டி மாதிரி, கறுப்பாக, 3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். குழாயில் எறும்பு என்று நசுக்குகிறவர்கள் உண்டு.

வாடிப்பட்டி:
அடுத்த தலைமுறை முழுக்க ஆணாகவே வருதே, ஏன்?

குழாயில் வளர்ப்பவர்:
இணைசேராத பெண்ணை எடுத்திருப்பீர்கள், தம்பி. கருவுறாத முட்டை ஆணாகத்தான் பொரியும். ஒரு குடும்பத்தில் பெரும்பாலும் ஒரே ஓர் ஆண், மற்றதெல்லாம் பெண். அந்த ஒன்று செத்துப்போனால் குழாய் முழுக்கக் கன்னிதான். வெளிவந்த அன்றே பிரிக்காமல் இரண்டு நாள் ஒன்றாகத் தேனோடு விட்டுவையுங்கள். ஆண் இல்லாத குழாய்க்கு வேறு குடும்பத்து ஆண் ஒன்றைச் சேருங்கள்.