பேசியது 400 பாட், இறங்கும்போது 600: கொடுத்தது சரியா?

காதர்பேட்டைக்காரன் (திருப்பூர்):
வணக்கமுங்க. போன வாரம் குடும்பத்தோடு பாங்காக் போய் வந்தோம். நான், வீட்டுக்காரி, பையன், எங்க அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அதனால் மடக்குகிற சக்கர நாற்காலி ஒன்றும் கூடவே வந்தது.

அரண்மனை பார்த்து வெளியே வந்தால் நல்ல மழை. வாசலுக்குப் பக்கத்தில் நின்ற டாக்சிக்காரரிடம் சுகும்வித்தில் இருக்கிற ஓட்டல் பேரைக் காட்டினேன். மீட்டர் என்றதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, செல்போன் கால்குலேட்டரில் 400 என்று தட்டிக் காட்டினார். அம்மாவை மழையில் நிறுத்திவைக்க மனசு வரவில்லை. சரி என்று ஏறினோம். நாற்காலியை அவரே வாங்கி டிக்கியில் வைத்தார்.

முக்கால் மணி நேரப் பயணம். ஓட்டலுக்கு முந்தின சிக்னலில் நிற்கும்போது அதே கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். 600. ஏன் என்று கேட்டால் முன்னால் நிற்கிற வண்டிகளைக் கை காட்டுகிறார். நாற்காலி டிக்கியில், அம்மா பின் சீட்டில். கொடுத்துவிட்டேன். மீட்டர் போட்டிருந்தால் நெரிசலோடு சேர்த்தும் 200 பாட்டுக்குள் முடிந்திருக்கும் என்று ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். வண்டி எண் கேட்டார், நான் பார்த்து வைக்கவில்லை.

கூடப் போன 200 பாட் நம் காசுக்கு 500 ரூபாய்க்கு மேல் வரும். காசு போகட்டும். பேசின பேச்சு மாறினதுதான் மனசுக்குள் கிடந்து அறுக்கிறது. நான் அந்த இடத்தில் நின்று கேட்டிருக்க வேண்டுமா?

மஞ்சள் மண்டி (ஈரோடு):
நீங்க செய்ததுதான் சரிங்க. பாஷை தெரியாத ஊர், மழை, வயசான அம்மா. அங்கே 500 ரூபாய்க்கு மல்லுக்கட்டி என்ன சாதிக்கப் போகிறோம்? நம் ஊர் மார்க்கெட்டில் சத்தம் போட்டால் நாலு பேர் வந்து நியாயம் கேட்பார்கள். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?

நான் எந்த வெளிநாட்டுக்குப் போனாலும் இந்த மாதிரிச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். போனால் போனது. விடுமுறைக்குப் போன நாலு நாளில் ஒரு சாயங்காலத்தை டாக்சிக்காரரிடம் கொடுக்க எனக்கு இஷ்டம் இல்லை.

ஆனைமலை அடிவாரம்:
மஞ்சள் மண்டி அண்ணா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் தனியாக எடுத்து வைத்த அந்தத் தொகைதான் அடுத்து வருகிறவனுக்கு விலையாக நிற்கிறது. இன்றைக்கு நாம் 600 கொடுத்தால் நாளைக்கு அதே வாசலில் 800 கேட்பார்கள்.

பாங்காக்கில் டாக்சிக்கு மீட்டர் போடுவது சட்டம். 35 பாட்டில் தொடங்கும், வண்டி நகராமல் நின்றால் அதற்கும் மீட்டரே ஏறும். அதனால் நெரிசலைக் காட்டித் தனியாகக் கேட்க இடமே இல்லை. பின் கதவின் உள்பக்கம் வண்டி எண் ஒட்டியிருக்கும். ஏறி உட்கார்ந்ததும் அதைப் போட்டோ எடுங்கள். மறைத்து எடுக்க வேண்டாம், அவர் பார்க்கும்படியே எடுங்கள். புகாருக்கு அவர்களுடைய தரைப் போக்குவரத்துத் துறையின் எண் 1584, சுற்றுலாப் போலீஸ் 1155. சுவர்ணபூமி விமான நிலையத்தில் டாக்சி வரிசை இயந்திரம் தருகிற சீட்டையும் டிரைவரிடம் கொடுத்துவிடாதீர்கள், அது நம் கையில் இருக்க வேண்டியது. அங்கிருந்து ஏறினால் மீட்டருக்கு மேல் 50 பாட் கேட்பார்கள், டோல் கட்டணமும் நம்முடையது. அந்த இரண்டும் முறையானவை, கொடுக்க வேண்டும்.

எனக்கும் வியட்நாமில், ஹனோயில் ஒரு பாடம் கிடைத்தது. அங்கே 20,000 டாங் நோட்டும் நீலம், 5 லட்சம் டாங் நோட்டும் நீலம். ராத்திரி வண்டிக்குள் வெளிச்சம் கம்மி. நான் 5 லட்சம் கொடுத்தேன். டிரைவர் ஒரு நொடி கையைக் கீழே இறக்கிவிட்டு, 20,000 நோட்டைத் தூக்கிக் காட்டி, நீ கொடுத்தது இதுதான் என்றார். என் கண்ணையே நான் சந்தேகப்பட்டு இன்னொரு 5 லட்சம் கொடுத்துவிட்டு இறங்கினேன். பர்சை எண்ணினபோதுதான் புரிந்தது. அதிலிருந்து எந்த ஊரானாலும் உள் விளக்கைப் போடச் சொல்லி, நோட்டை வாய்விட்டு எண்ணித்தான் கொடுக்கிறேன்.

காந்திபுரம் ஸ்டாண்டு (கோவை):
நான் 22 வருசமாக டாக்சி ஓட்டுகிறேன். எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்க.

வாடகை கூடுதலாகக் கேட்டாலே ஏமாற்று என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது. இங்கிருந்து ஊட்டிக்கு ஒரு சவாரி ஏற்றிப் போய் இறக்கினால், திரும்பும்போது காலியாகத்தான் வர வேண்டும். அந்த டீசலை யார் தருவது? வெயிட்டிங், பேட்டா எல்லாம் அதனால்தான் வருகிறது. மழை நேரத்தில் அந்த ஊர் டிரைவரும் கணக்குப் போட்டுத்தான் 400 கேட்டிருப்பார். அதிகம் என்றால் ஏறாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் 600 தப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஏறும் முன் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், ஏறினபிறகு ஒரு ரூபாய் கூட்டக் கூடாது. என்னை வண்டியில் ஏற்றிவிட்ட பெரியவர் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்காமல் வெளியூர்க் குடும்பங்கள் பெட்டியோடு நிற்கும். அந்த நேரம் பார்த்து இரண்டு பங்கு கேட்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். 2013இல் அரசு சென்னை ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று வைத்தது. அத்தனை வருசத்துக்கு முந்தின கட்டணம் இன்றைக்குக் கட்டாது, அது உண்மை. அதற்காக வாய்க்கு வந்ததைக் கேட்கலாமா? தாய்லாந்துக்காரரைப் பேசும்போது எனக்கு நம் ஸ்டாண்டுதான் ஞாபகம் வருகிறது.

கரூர் அமராவதி:
கூடக் கேட்டதெல்லாம் ஏமாற்று இல்லை என்று அண்ணன் சொன்னதற்கு நானே சாட்சி. சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். ராத்திரி 1 மணிக்குச் சாங்கியில் இறங்கி ஜூரோங்குக்கு டாக்சி. மீட்டரில் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அவர் கேட்டது 51. நான் அக்கா வீட்டு வாசலிலேயே சத்தம் போட்டுவிட்டேன். அந்த டிரைவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ரசீதை அச்சிட்டுக் கொடுத்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் காட்டினார். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதல், 15 வெள்ளி. விமான நிலையத்துக்கு 6 வெள்ளி. எல்லாம் அங்கே எழுதிவைத்த கட்டணம். கோலாலம்பூர் மீட்டர் டாக்சியிலும் நள்ளிரவுக்கு மேல் இப்படிப் பாதி கூடும் என்று அக்கா வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார்.

அந்த டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இருந்தாலும் இன்றைக்கும் அவர் முகம் ஞாபகத்தில் இருக்கிறது. அதனால் ஆனைமலைத் தம்பி, புகார் எண்ணை மனப்பாடம் செய்கிற அதே நேரத்தில் அந்த ஊர்க் கட்டண விவரத்தையும் ஒரு தடவை படித்துவிட்டுப் போகலாம்.

மஞ்சள் மண்டி (ஈரோடு):
ஆனைமலைத் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் அம்மா பின் சீட்டில் இருந்தால், டிரைவர் முகத்துக்கு நேராகப் போட்டோ எடுப்பீர்களா? அவர் கோபப்பட்டு நடு ரோட்டில் இறக்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? தனியாகப் போகிறவருக்குச் சொல்கிற யோசனையைக் குடும்பத்தோடு போகிறவருக்குச் சொல்லாதீர்கள். ஆப்பில் வண்டி பிடித்தால் தொகை முதலிலேயே தெரிந்துவிடும், பேச்சே வேண்டியதில்லை.

ஆனைமலை அடிவாரம்:
ஆப் நல்லதுதான் அண்ணா, நானும் கிராப் என்கிற டாக்சி ஆப் போடுவேன். ஆனால் மழை நேரத்தில் அதுவும் விலையை ஏற்றும். அரண்மனைக்குப் பக்கத்தில் சனாம் சாய் என்று மெட்ரோ நிலையமே இருக்கிறது, 2019இல் திறந்தது. அது தெரிந்திருந்தால் இந்த வாசலில் நின்றிருக்கவே வேண்டாம்.

அம்மா விசயத்தில் நீங்கள் கேட்டது நியாயம். ஓடுகிற வண்டிக்குள் வாதாட வேண்டாம், நானும் வாதாட மாட்டேன். சிக்னலில் கேட்டால் ஓட்டலில் பேசிக்கொள்வோம் என்று கை காட்டிவிட வேண்டும். வாசலில் நின்றதும் முதலில் அம்மா இறங்கட்டும், அடுத்து நாற்காலி இறங்கட்டும். அதற்குப் பிறகுதான் பர்ஸ் வெளியே வர வேண்டும். அப்போது 400 பாட்டைச் சில்லறையாகக் கையில் கொடுத்துவிட்டு வரவேற்பில் இருப்பவரைக் கூப்பிட்டால் போதும். திருப்பூர் அண்ணன் சிக்னலிலேயே பணத்தை எடுத்ததுதான் பிசகு.

காந்திபுரம் ஸ்டாண்டு (கோவை):
இது சரியான யோசனை. ஓட்டல் வாசலில் எந்த டிரைவரும் வம்பு வளர்க்க மாட்டான். அவன் நாளைக்கும் அதே வாசலுக்கு வர வேண்டியவன்.

காதர்பேட்டைக்காரன் (திருப்பூர்):
எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரெண்டாவது தடவை கேக்கறப்ப அந்தப் பையன் கண்ணாடில என்னையத்தான் பாத்தான் கண்ணு, நான் காலைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தனல்ல" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என்னை இல்லை, அம்மாவைப் பார்த்துத்தான் அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

அப்புறம் பையன் வண்டிக்குள் எடுத்த போட்டோக்களைத் தேடினேன். ஒன்றில் அம்மா மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தோளுக்குப் பின்னால் கதவில் வண்டி எண் தெளிவாக விழுந்திருக்கிறது. நாள், நேரம் எல்லாம் இருக்கிறது. அந்த ஓட்டல் வரவேற்புப் பெண்ணுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். காலையில் பதில் வந்தது, 1584க்குத் தானே அழைத்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார்.

மஞ்சள் மண்டி (ஈரோடு):
அம்மா சொன்னதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அனுப்பியது நல்லதுங்க. ஆனாலும் என் அம்மா அந்தச் சீட்டில் இருந்திருந்தால் நானும் சிக்னலிலேயே 600 கொடுத்திருப்பேன். அதில் இப்போதும் எனக்கு மாற்றம் இல்லை.